கிளச்சும் உடம்படுமெய்யும்

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக என மலர்க்குழுவினர் கேட்டபோது, தமிழாசிரியர் என்னும் முறைபற்றி இலக்கண விசாரம் ஒன்றையே எம்மிடம் எதிர்பார்த்திருப்பர். இலக்கணம் இதனுள் ஓரிடத்தில் வரும். அவ்வளவில் அவர்கள் அமைவாராக. யாம் எழுதப் புகுந்தது, பழைய மாணவர் பலர் எம்மைக் காணுந்தோறும் கேட்கும் வினாவொன்றுக்கு விடையாக. ‘அந்தச் சிவப்பு மினி எங்கே?’ என்பதே அவ்வினா. கல்லூரி வாயிலுக்கு முன்னுள்ள திருப்பத்தில் அது கியர் இறங்கும் ஒலியைக் கேட்டு, யன்னலை எட்டிப் பாராமலே ‘மினி வருகுது’ என்று பின்வாங்கிலிருந்து குரல் எழுந்த காலத்தை அவர்கள் மறக்கவில்லை.

அவ்வண்டி எம் அத்தானுடையது. அவர் இக்கல்லூரியிற் பயின்றவர். 2022 இல் இறைவனடி சேர்ந்தார். அவருடைய தந்தையார் வாங்கிய வண்டி அது. மொறிஸ் மினி கூப்பர் எஸ் என்பது அதன் முழுப்பெயர். சின்னக் கார் என்று நகைக்கும் இளைஞர் உளர். சின்னதுதான்; நீளம் மூன்று மீற்றரைச் சிறிதே கடக்கும். அலெக் இசிகோனிஸ் என்பார் வகுத்த மினி 1959 இல் வெளிவந்தது. பந்தய வண்டி கட்டுவதில் வல்லவரான ஜோன் கூப்பர் அதனைக் கண்டு, அதனுள் ஒரு பந்தயக் குதிரை இருப்பதை உணர்ந்தார். 1961 இல் மினி கூப்பரும், 1963 இல் அதனினும் வலிய கூப்பர் எஸ்ஸும் வந்தன. அத்தானுடையது 1964 முதல் வெளிவந்த 1275 கன சென்ரிமீற்றர் எஞ்சின் பூட்டியது. 76 குதிரைவலு உடையது. மொன்ரி காலோ நெடுந்தூர ஓட்டத்தில் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் கூப்பர் எஸ் வண்டிகளே வென்றன. 1966 இலும் முதலில் வந்தவை அவையே. முன்விளக்குகள் விதிக்கு மாறானவை என்று சொல்லி அவற்றை விலக்கிவிட்டனர். அவ்வழக்கை அத்தான் எடுத்துப் பேசத் தொடங்கினால், பாரதப் படிப்பில் சூதுபோர்ச் சருக்கம் கேட்பது போல இருக்கும். யாரும் எழுந்து போக இயலாது.

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் துரையாயிருந்த ஆங்கிலேயர் ஒருவர் முதலில் அதனை வைத்திருந்தாராம். நுவரெலியாவுக்கு அணித்தான மகாகஸ்தொட்டையில் நிகழும் மலையேற்றப் பந்தயத்திலும் ஓட்டினார் என்பது கேள்வி. 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபின் அவர் தாய்நாடு மீண்டார். அப்போது அப்பகுதியில் அரச உத்தியோகத்திலிருந்த அத்தானின் தந்தையார் வண்டியை வாங்கி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்தார்.

யாழ்ப்பாணத்தார் ஒஸ்ரின் ஏ40ஐயும் மொறிஸ் மைனரையும் பிள்ளைகள்போற் பேணியதற்குக் காரணம் உண்டு. அவை எதனையும் பொறுக்கும். 1990 இல் வந்த பொருளாதாரத் தடையால் பெற்றோல் அருகியபோது அவை மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். ஏ40இன் அமுக்க விகிதம் ஏழுக்குச் சற்று மேற்பட்டது. அது மண்ணெண்ணெய்க்கு இணங்கும். கூப்பர் எஸ்ஸின் விகிதமோ ஏறத்தாழ 9.75. அதற்குள் மண்ணெண்ணெயை ஊற்றினால் கலவை ஒழுங்காக எரியாது வெடித்துப் பிஸ்ரன்களைத் தாக்கும். ஆகவே அயலார் வண்டிகள் புகை கக்கி ஓடிய ஆண்டுகளில், இது கல்லின்மேல் ஏற்றப்பட்டுக் கிடுகுக் கொட்டிலில் விரதம் இருந்தது. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுதும் இடம்பெயர்ந்தபோது, அத்தான் தம் தாயாரைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு தென்மராட்சிக்குப் போனார். வண்டி கொட்டிலில் நின்றது. 1996 இல் மீண்டு வந்து பார்த்தபோது இருக்கைகள் இல்லை, சில்லுகளும் இல்லை. எஞ்சின் மட்டும் இருந்தது. அதனை மீண்டும் வீதியில் இறக்க அவருக்கு எட்டு ஆண்டுகள் சென்றன.

இனிக் கிளச்சு. அச்சொல்லுக்குத் தமிழ் காண முயன்றோர் உளர். அச்சொற்களுள் ஒன்றேனும் எந்தக் கராச்சினுள்ளும் நுழைந்ததை யாம் கண்டதில்லை. யாமும் கிளச்சு என்றே எழுதுவோம். எஞ்சின் நின்ற நிலையிலிருந்து சுமை இழுக்க மாட்டாது. அது தன் உயிரைத் தாங்குவதற்கே நிமிடத்துக்குச் சில நூறு சுற்றுக்கள் வேண்டும். சில்லுகளோ அசையாது நிற்கின்றன. சுழல்வதையும் நிற்பதையும் திடீரெனப் பிணித்தால் எஞ்சின் அணையும், அன்றேல் வண்டி துள்ளும். இவ்விடத்தில் மாணவர் தம் இலக்கண வகுப்பை நினைவுகூர்தல் நன்று. உயிரீற்றுச் சொல்லின்முன் உயிர்முதற் சொல் வந்தால் இரண்டும் நேரே கூடா. இடையில் ஒரு விக்கல் நிற்கும். யகரமோ வகரமோ நடுவே வந்து இரண்டனையும் உடம்படுத்தும். மணி, அடி என்பன மணியடி ஆகும்; திரு, அருள் என்பன திருவருள் ஆகும். கிளச்சுத் தட்டும் அத்தகைய உடம்படுமெய்யே. சிறிது வழுக்கி, சிறிது பற்றி, இரு பக்கத்தையும் ஒரே வேகத்துக்குக் கொணர்ந்தபின் தான் இருப்பதே தெரியாமல் ஒட்டி நிற்கும். வேற்றுமை ஒன்று உண்டு. யகர வகரங்கள் எத்தனை நூற்றாண்டு வழங்கினும் தேய்வதில்லை. தட்டுத் தேயும். ஒவ்வொரு புறப்பாட்டிலும் அது வழுக்கும் அந்தச் சில கணங்களே அதன் ஆயுளைத் தின்பன. மெல்ல விடுவார் காலில் அது நெடுங்காலம் இருக்கும். பந்தயக்காரர் காலில் விரைவில் முடியும்.

2025 ஆடி மாதத்தில் ஒரு நாள் மருமகன் வண்டியோட்ட யாம் அருகிருந்து பருத்தித்துறையிலிருந்து மீண்டோம். மருமகன் என்றது அத்தானின் மகனை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதியை எதிர்பார்த்திருந்தான். யாழ்ப்பாணத்தில் மலையில்லை, கிளச்சின் நோயை மலைதான் காட்டும் என்பர். எமக்கு வல்லை வெளியும் சோளகமும் போதியவாயின. எதிர்க்காற்று முகத்தில் அறைய, நாலாம் கியரில் அவன் அழுத்தினான். எஞ்சினின் ஒலி ஏறிற்று. வேகமுள் ஏறவில்லை. எரிந்த மணமொன்று எழுந்தது. அவன் காலை எடுத்துவிட்டு, ‘மாமா, கிளச் வழுக்குது’ என்றான். வழியெல்லாம் இடக்காலைக் கிளச்சு மிதியின்மேல் இளைப்பாற வைத்திருக்கும் வழக்கம் அவனுக்கு உண்டு. இன்றைய இளைஞர் பலரிடமும் அதனைக் காண்கின்றோம். கால் இளைப்பாறும், தட்டு இளைப்பாறாது.

செய்தி கேட்ட அக்கா அன்றிரவு எம்மை அழைத்து இருத்திப் பேசினார். வீட்டுக் கூரையில் தீராந்திகள் உளுத்துவிட்டன. ஐப்பசி மழைக்கு முன் வேய்ந்தாக வேண்டும். பழைய வண்டிகளைச் சேர்க்கும் கொழும்பு அன்பர் ஒருவர், நல்லூர்த் தேருக்கு வரும்போது மினியைப் பார்த்து விலை பேசுவதாகச் சொல்லியிருந்தார். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் ஏறிய விலை, 2025 இல் அத்தடை நீங்கியதால் இறங்கக்கூடும் என்பது அக்காவின் கணக்கு. வழுக்கும் கிளச்சோடு காட்டினால் அவர் பாதி கேட்பார். ஆகையால் அதற்குள் மாற்றியாக வேண்டும்.

‘தம்பி, விக்கிறது எனக்கு மட்டும் சந்தோசமே? வேலையைத் தானே செய்யிறன் எண்டு பெடியன் நிக்கிறான். நாளைக் கடத்துவான் எண்டு பயமாக் கிடக்கு. நீ கூட நில்’ என்றார்.

அக்காவின் கணக்கில் பிழையில்லை. ஒழுகும் கூரையின்கீழ் ஒருவரும் ஓட்டாத பந்தய வண்டியை வைத்திருத்தல் குடும்பத்துக்கு அழகன்று என்பதே எம் கருத்தும். ஆயினும் அந்தப் பிள்ளையின் நிலையை நோக்குக. வேலையை நன்கு செய்தால் தந்தையின் வண்டி கையைவிட்டுப் போகும். செய்யாது விட்டாலும் போகும், குறைந்த விலைக்கு.

இலண்டனிலிருக்கும் அவனுடைய சித்தப்பா தட்டு, அமுக்கத் தகடு, டயபிரம் வில், விடுவிக்கும் பெயரிங் ஆகிய நான்கனையும் அனுப்பிவைத்தார். மினியின் உற்பத்தி 2000 இல் நின்றது. உறுப்புக்கள் மட்டும் இங்கிலாந்தில் இன்றும் செய்யப்படுகின்றன. வேலையை நடத்த எழுபது கடந்த பெரியவர் ஒருவரை அழைத்தோம். ஏ40 காலத்திலிருந்து கராச்சு வைத்திருப்பவர். இப்போது அவரிடம் வருவன யப்பானிய வண்டிகள்; அவற்றுக்குப் பத்து, பன்னிரண்டு, பதினான்கு மில்லிமீற்றர் ஸ்பனர்கள். அரையங்குலம், ஒன்பதின் பதினாறங்குலம் என வரும் ஆங்கில அளவுகளைப் பழந்துணியில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார்.

வந்ததும் அவர் பாயை விரித்து வண்டியின்கீழ்ப் புகுந்தார். கிளச்சுக் கூட்டின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. அது தூர்ந்துவிடாதிருக்க ஒரு பிளவாணி அதிலே தொங்கிக்கொண்டிருக்கும். அவ்விடத்தை விரலால் தடவி மணந்து பார்த்தார். கிளச்சு வழுக்குவதற்குக் காரணம் இரண்டு: தட்டுத் தேய்ந்திருக்கும், அன்றேல் எண்ணெய் பட்டிருக்கும். மினியில் எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் ஒரே எண்ணெய். கிளச்சோ உலர்ந்தே இருத்தல் வேண்டும். இரண்டுக்கும் நடுவே நிற்பது ஒரு சிறு வளையம். அது கசிந்தால் புதுத் தட்டும் சில நாளில் பழையதாகும்.

‘மாஸ்ரர், கசிவில்லை. பிளேற்தான் முடிஞ்சுது’ என்று கீழிருந்தே சொன்னார். மருமகன் முகத்தை யாம் பார்த்தோம். கசிந்திருந்தால் வேலை நீண்டிருக்கும், தேரும் கடந்திருக்கும். அவன் ஒன்றும் சொல்லாது மின்கலத்தின் வயரைக் கழற்றினான்.

ஏனைய வண்டிகளில் கிளச்சு எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் இடையில் ஒளிந்திருக்கும். அதை எட்டக் கியர்ப்பெட்டியை இறக்க வேண்டும். இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்காக வைத்து, கியர்ப்பெட்டியை அதன் அடியிலே எண்ணெய்த் தொட்டிக்குள் அடக்கினார். கிளச்சு எஞ்சினின் வலக்கோடியில் தனித்து அமர்ந்தது. ஆதலால் எஞ்சினை வெளியே எடாமலே அதனை மாற்றலாம். எஞ்சினின் மேற்றாங்கு தண்டையும் ரேடியேற்றர்த் தாங்கியையும் கழற்றி, வலப்புறத் தாங்கியை விடுவித்து, அடியில் பலகை வைத்து யக்கினால் மெல்ல உயர்த்தினார்கள். எஞ்சின் ஒருபக்கம் தலைதூக்கி நின்றது. மூடியின் போல்ற்றுகள் ஒவ்வொன்றாய் வந்தன. நடுப்பகல் ஆகுமுன் பிளைவீல் கண்ணுக்குத் தெரிந்தது.

பறப்புச் சில்லு எனத்தக்க அதுவே இவ்வேலையில் மிகக் கடிய பகுதி. கிராங்குத் தண்டின் முனை கூம்பாய் இருக்கும். பிளைவீலின் துளையும் அதற்கேற்ற கூம்பு. நடுவில் ஒன்றரையங்குலத் தலையுடைய போல்ற்று இறுக்கி வைத்திருக்கும். ஆண்டுக்கணக்கில் இறுகிய கூம்பு, போல்ற்றைக் கழற்றினாலும் வாராது. அதற்குமுன் இன்னொன்று: கிராங்கைத் திருப்பி, தண்டின் முனையிலுள்ள பிளவு கிடையாக நிற்கச் செய்ய வேண்டும். இல்லையேல் உள்ளிருக்கும் அரைவட்ட வாசர் நழுவி இடையில் விழுந்து சிக்கும். பெரியவர் இதனைச் சொல்லுமுன் பையனே திருப்பி வைத்திருந்தான். தந்தையார் வேலை செய்யும்போது விளக்குப் பிடித்தவன் அல்லவா?

போல்ற்றைச் சில சுற்றுத் தளர்த்தி, முற்றாகக் கழற்றாது விட்டார்கள். பிளைவீல் விடுபடும்போது ஆள்மேற் பாயாதிருக்க அதுவே காவல். பழுதான லொறியொன்றின் உருக்குத் தகட்டை அறுத்துப் பெரியவர் தாமே செய்த இழுவைக் கருவியை மூன்று ஆணிகளால் பூட்டினார்கள். நடு ஆணியை இறுக்கினார்கள். ஒன்றும் நிகழவில்லை. மேலும் இறுக்கிச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார்.

துவக்குச் சத்தம்போல் ஒரு வெடி எழுந்தது. காகங்கள் கலைந்தன. அயல்வீட்டுக் கதவொன்று அடித்துச் சாத்தப்பட்டது. அக்கா குசினி வாயிலில் சுளகுடன் நின்றார். எம் கை தூணைப் பற்றியிருந்தது. மருமகன் மட்டும், அவன் அக்காலத்தை அறியாத பிள்ளை, எங்கள் முகங்களை ஒவ்வொன்றாய்ப் பார்த்தான்.

‘கழண்டிட்டுது’ என்றார் பெரியவர்.

உள்ளிருந்து வந்த தட்டின் உராய்வுப் படலம் கடதாசிபோல் மெலிந்திருந்தது. தறையாணிகளின் தலைகள் மேற்பரப்புக்கு வந்துவிட்டன. இன்னும் ஒரு மாதம் ஓடியிருந்தால் அவை பிளைவீலின் முகத்தை உழுதிருக்கும். பெரியவர் நகத்தை அதன் முகத்தில் குறுக்கே இழுத்துப் பார்த்தார். நகம் எங்கும் தடைப்படவில்லை. கடைசல் வேலை வேண்டாம் எனத் தீர்ந்தது. கூட்டினுள் படிந்திருந்த கரிய தூளை ஊதவேண்டாம் என்று தடுத்து, ஈரத்துணியால் ஒற்றி எடுக்கச் செய்தார். அக்காலத்துப் படலங்களில் கல்நார் கலந்திருக்கும். அதன் தூள் நெஞ்சறைக்குக் கொடிது. முன்னெல்லாம் வாயால் ஊதியவர்களே எல்லாரும். இதனைச் சொல்லும்போது அவர் இருமினார்; அது புகையிலை இருமல் என்றும் தாமே சொன்னார்.

மறுநாள் பூட்டும் வேலை. பிளைவீல், அமுக்கத் தகடு, உறை ஆகியவற்றில் ‘ஏ’ என்னும் ஆங்கில எழுத்துப் பொறிக்கப்பட்டிருக்கும். அவை ஒரே நேரில் அமைந்தாற்றான் சுழற்சி சமனாகும். மருமகன் அவற்றைச் சுண்ணக்கட்டியால் தடித்தெழுதினான். அந்தச் சுண்ணக்கட்டி எம் சட்டைப் பையிலிருந்தது. எம் தொழிற்கருவி அவ்வேலைக்குப் பயன்பட்டது அவ்வொரு முறையே. கூம்பின் இரு முகங்களும் எண்ணெய்ப் பசை ஒரு துளியுமின்றி உலர்ந்திருக்க வேண்டும். பசை இருந்தால் பிடிப்பு நம்பத்தக்கதன்று. அவன் துடைத்தான். பெரியவர் போதும் என்றார். மீண்டும் துடைத்தான். மூன்றாம் முறை வெள்ளைத் துணி கொண்டு துடைத்து, துணியை வெயிலிற் பிடித்துப் பார்த்தான். நாளைக் கடத்தும் பிள்ளையின் வேலையன்று அது. அக்கா எம்மை நிறுத்திய காவல் வேலை அவ்விடத்தோடு முடிந்தது. அதன்பின் யாம் நின்றது பார்க்கும் விருப்பத்தால்.

நடுப் போல்ற்றை 110 முதல் 115 இறாத்தல்-அடி வரை இறுக்கினர். பெரியவர் கையளவே போதும் என்றார். பையன் இரவல் வாங்கி வந்திருந்த அளவு ஸ்பனரால் இறுக்கினான். பெரியவரின் கையளவு மூன்று இறாத்தல் குறைவாயிருந்தது. அவர் சிரித்து, ‘வயசு போட்டுது’ என்றார். கடைசியாகக் கிளச்சு நெம்புகோலுக்கும் அதன் தடுப்பாணிக்கும் இடையே அரை மில்லிமீற்றர் இடைவெளி வைத்தல். அவ்விடைவெளி இல்லையேல், யாரும் காலை வைக்காமலே மிதியை யாரோ அழுத்தியிருப்பதுபோல் வழுக்கல் மீளவும் தொடங்கும்.

மாலையில் வல்லை வெளிக்கே கொண்டுசென்றோம். சோளகம் குறையவில்லை. நாலாம் கியரில் அழுத்தினான். ஒலியும் வேகமும் ஒருங்கே ஏறின. இடக்கால் மிதியைவிட்டு விலகி நிலத்தில் இருந்தது. வீடு வந்ததும், ‘அம்மா, ஒருக்கா ஏறுங்கோவன்’ என்றான். அடுப்பில் உலை கொதிக்கிறது என்று அக்கா உள்ளே போய்விட்டார். அத்தான் மறைந்தபின் அவர் அவ்வண்டியில் ஏறியதில்லை.

தேருக்கு மறுநாள் கொழும்பு அன்பர் வந்தார். ஓட்டிப் பார்த்தார், மூடியைத் திறந்து பார்த்தார், விலையிற் குறை கேட்கவில்லை. கிளச்சை மாற்றியவர் யார் என்று வினவ, பெரியவர் மருமகனைச் சுட்டினார். அன்பர் வண்டியை லொறியில் ஏற்றிச்செல்ல எண்ணியிருந்தார். புதுத் தட்டு முதல் சில நூறு மைல் மெல்லிய காலையே வேண்டும் என்றும், தானே ஓட்டிவந்து ஒப்படைப்பதாகவும் மருமகன் கேட்டுக்கொண்டான். அவரும் இசைந்தார்.

புறப்பட்ட காலையில் அக்கா நீறிட்டு வந்து, கேளாமலே முன்னிருக்கையில் அமர்ந்தார். யாம் பின்னே ஒடுங்கிக்கொண்டோம். கைதடிச் சந்தி வரை வந்து இறங்கினார். ஒன்றும் பேசாது வீதியைக் கடந்து, யாழ்ப்பாணம் செல்லும் பேருந்துக்கு நின்றார். யாம் வவுனியா, அநுராதபுரம், புத்தளம் வழியாக ஏறத்தாழ 400 கிலோமீற்றர் சென்றோம். வழிநெடுக அவன் கிளச்சை விட்டது பெரும்பாலும் எமக்குத் தெரியவேயில்லை. சாவியை ஒப்படைக்கும்போது ஒரு கடதாசியையும் கொடுத்தான். அரை மில்லிமீற்றர் இடைவெளியை மாதந்தோறும் பார்க்க வேண்டும் என்றும், மிதியின்மேற் கால் வைத்திருக்கலாகாது என்றும் அதில் எழுதியிருந்தான். கடதாசியில் ஒற்றுப்பிழை இரண்டு இருந்தன, யாம் திருத்தவில்லை. இரவுப் பேருந்தில் மீண்டோம்.

கூரை புரட்டாதி முடியுமுன் வேயப்பட்டது. பெரியவர் தம் இழுவைக் கருவியை மருமகனிடமே விட்டுச் சென்றார். இப்பகுதியில் வேறு மினி ஏதும் எமக்குத் தெரிய இல்லை. கழற்றிய பழைய பெயரிங் அவனுடைய மேசையில், பல்கலைக்கழக விண்ணப்பங்களின்மேற் கிடக்கிறது. தொட்டால் இன்னும் சுழல்கிறது, சிறிது இரைச்சலோடு.